வாசகர் கேள்வி-பதில்: பதினொரு மணி ஆகியும் குளிக்கவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வேலை போய்விட்டது, தேடுகிறேன், கிடைக்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். 2009-இல் பதினொரு மாதம் வேலையில்லாமல் இருந்தவள் நான், அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, ஆட்குறைப்பில் வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. முதல் மாதம் சுறுசுறுப்பாக இருந்தேன். இப்போது எழுந்ததும் லேப்டாப்பைத் திறக்கிறேன், ராத்திரி மூடுகிறேன், நடுவில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நேற்று பதினொரு மணி ஆகியும் குளிக்கவில்லை. இருநூறு இடங்களுக்கு மேல் அப்ளை செய்துவிட்டேன். நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

இல்லை தம்பி. சோம்பேறி இருநூறு இடத்துக்கு அப்ளை செய்ய மாட்டான்.

உங்களுக்கு நடப்பது பல வருடங்களுக்கு முன்பே ஒரு ஊர் முழுக்க நடந்திருக்கிறது. 1930 வாக்கில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற சிற்றூரில், எல்லோரும் நம்பியிருந்த ஒரே ஆலையை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் இருந்த ஆய்வுக் குழு அங்கே போய், வேலை இல்லாத ஜனங்கள் நாளை எப்படிக் கழிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்து, 1933-இல் அதை வெளியிட்டது. அந்த ஊரில் நேரம் கொட்டிக் கிடந்தது, ஆனாலும் நூலகத்தில் இரவல் வாங்கிப் போகும் புத்தகங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன. தெருவில் நடப்பவர்களையும் நேரம் குறித்துப் பார்த்தார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்கள் வேகமாக நடந்தார்கள். ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னால், எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர நடுவில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்த ஊரில் அத்தனை பேருமா சோம்பேறிகள்? வேலை போகும்போது சம்பளத்தோடு சேர்ந்து ஒன்பது மணி, ஒரு மணி, ஆறு மணி என்று நாளைப் பிரித்துக் கொடுத்த ஒன்றும் போய்விடுகிறது, அதை யாரும் நமக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை.

எனக்கும் அப்படித்தான் ஆனது. நான்காவது மாதத்தில், கீபோர்டில் எஃப்5 என்ற எழுத்து மங்க ஆரம்பித்ததை ஒருநாள் கவனித்தேன். மெயில் வந்திருக்கிறதா என்று பக்கத்தைப் புதுப்பிக்கும் விசை அது. அழுத்துவேன், ஒன்றும் வந்திருக்காது, தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்துவேன். அன்று பூராவும் வேலை தேடினேன் என்றுதான் நினைத்துக்கொண்டு படுத்தேன், ஆனால் ஒரு விண்ணப்பம்கூட அனுப்பியிருக்கவில்லை.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்கிறேன், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குள் குளித்து, வெளியே போகிற மாதிரி உடுத்திக்கொண்டு உட்காருவேன். பன்னிரண்டரை வரைக்கும்தான் வேலை தேடுவது. அந்த மூன்று மணி நேரத்தில் மெயில் பார்ப்பது இரண்டே முறை, அனுப்புவது மூன்று விண்ணப்பம், மூன்றும் அந்தந்த வேலைக்கு ஏற்றபடி ரெஸ்யூமேயைத் திருத்தி அனுப்பியவை. ஒரு நோட்டில் தேதி, நிறுவனம், எந்த வேலை, யாரிடம் பேசினேன், மறுபடி என்றைக்குக் கேட்க வேண்டும் என்று கோடு போட்டு எழுதிவைப்பேன். இருநூறு இடம் என்கிறீர்களே, அதில் எத்தனை பேரிடம் பத்து நாள் கழித்துத் திரும்ப விசாரித்தீர்கள்? எனக்கு மூன்று இன்டர்வியூ அப்படி விசாரித்ததில்தான் வந்தன.

சாயங்காலத்தில் மனிதர்கள் இருக்கிற இடத்துக்கு, குறித்த நேரத்துக்குப் போகிற மாதிரி ஒரு விஷயம் வைத்துக்கொள்ளுங்கள். நடைப்பயிற்சியோ, யாருக்காவது பாடம் சொல்லிக் கொடுப்பதோ, எதுவானாலும் சரி, நீங்கள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். வேலை இல்லாதவருக்கும் விடுமுறை வேண்டும், அதைக் குற்ற உணர்ச்சியில்லாமல் எடுத்துக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஒன்று மட்டும், இப்படியெல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வாரக்கணக்கில் போனால் மருத்துவரைப் பாருங்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறார். தினமும் பழைய நேரத்துக்கே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய், சாயங்காலம் திரும்புகிறார். சொந்தக்காரர்கள் போன் செய்தால் எனக்குக் கை நடுங்குகிறது. அவர் சொல்வதைக் கேட்பதா, அவருக்குத் தெரியாமல் அண்ணனிடம் சொல்லி உதவி கேட்பதா?

அவருக்குத் தெரியாமல் சொல்லாதீர்கள் அம்மா. நான்கு மாதமாக உங்களை மட்டும்தான் நம்பியிருக்கிறார், அது உடைந்தால் அவருக்குப் போக இடமில்லை. ஆனால் இந்த மறைப்பு தொடரவும் கூடாது, அதை அவரிடம் நேராகவே பேசுங்கள்.

மானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டையாகிவிடும், வேலை கிடைக்கிற வழியைப் பற்றிப் பேசுங்கள். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், தகவல் சொன்ன அந்த நபரை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 100-க்கு 17 பேர்கூட இல்லை. மற்றவர்கள் எல்லோரும் எப்போதாவது, இல்லாவிட்டால் அரிதாகத்தான் என்றார்கள். நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். பழைய ஆபீஸில் பக்கத்து டீமில் இருந்தவர், கூடப் படித்து எங்கேயோ போய்விட்டவர், இவர்களுக்குத்தான் நாம் கேள்விப்படாத காலியிடம் தெரியும். இவருக்கு வேலை இல்லை என்பதே தெரியாவிட்டால் அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

ஆகவே சொந்தக்காரர்களிடமிருந்து தொடங்கவே வேண்டாம். கூட வேலை பார்த்த நான்கைந்து பேருக்கு மட்டும், "ஆட்குறைப்பில் என் வேலை போய்விட்டது, இன்ன வேலை தேடுகிறேன், உங்கள் பக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று மூன்று வரி அனுப்பச் சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டாம், வருத்தமும் எழுத வேண்டாம். அந்த மூன்று வரியை அவர் எழுதும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். யாரோ ஒருவர் நல்லபடியாகப் பதில் போட்டுவிட்டால், காலையில் அந்தப் பையை மாட்டும் அவசியம் அவருக்கே குறைந்துவிடும், அண்ணனிடம் எப்போது சொல்வது என்பதை அப்போது இரண்டு பேருமாக முடிவு செய்யலாம்.

கேள்வி: ரெஸ்யூமேயில் பத்து மாத இடைவெளி. பழைய வேலையை ஆறு மாதம் நீட்டிக் காட்டச் சொல்கிறார்கள் நண்பர்கள்.

காட்டாதீர்கள். சரிபார்க்கும்போது மாட்டினால், கிடைத்த வேலையும் போய்விடும். இடைவெளி அழைப்புகளைக் குறைக்கும் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2013-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், ஆயிரக்கணக்கான மாதிரி ரெஸ்யூமேக்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. வேலைவாய்ப்பு நன்றாக இருந்த இடங்களில் இடைவெளி அதிகம் பாதித்தது, மந்தமாக இருந்த இடங்களில் அந்தப் பாதிப்பு குறைவு. காலம் கெட்டிருக்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருக்கிற ஹெச்ஆருக்கும் தெரியும். "ஆட்குறைப்பில் என் பிரிவையே மூடிவிட்டார்கள், இந்த மாதங்களில் இதைக் கற்றுக்கொண்டேன்" என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, வேலையைப் பற்றிய பேச்சுக்கு வந்துவிடுங்கள்.

கேள்வி: பொருளாதாரம் தேறிவிட்டது என்கிறது செய்தி. எனக்கு மட்டும் ஏன் இன்னும் கிடைக்கவில்லை?

உங்களுக்கு மட்டும் இல்லை. மந்தநிலை முடிந்தது என்பதற்கு உற்பத்தி மறுபடி வளரத் தொடங்கியது என்றுதான் அர்த்தம். நிறுவனங்கள் முதலில் இருக்கிற ஆட்களையே கூடுதல் நேரம் வேலை வாங்கும், தற்காலிக ஆள் எடுக்கும், அப்புறம்தான் நிரந்தர ஆள் எடுக்கும். அமெரிக்காவில் 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தநிலை 2009 ஜூனில் முடிந்தது. அங்கே வேலையின்மை உச்சத்தைத் தொட்டு 10 சதவீதம் ஆனது அதே வருடம் அக்டோபரில். இழந்த வேலைகளின் எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்ப 2014 ஆனது. தற்காலிக, ஒப்பந்த வேலை வந்தால் வேண்டாம் என்று தள்ளாதீர்கள், இந்தக் கட்டத்தில் கதவு முதலில் திறப்பது அங்கேதான்.

கேள்வி: வேலை உறுதி, ஆனால் பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். வேலை கொடுப்பவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும்.

கேள்வி: இன்டர்வியூவில் பழைய நிறுவனத்தைப் பற்றிக் கேட்டாலே என் குரல் மாறிவிடுகிறது. பன்னிரண்டு வருடம் உழைத்தேன், பத்து நிமிட போன் காலில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு நல்ல வாய்ப்புகளை இப்படியே கெடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்குப் பத்து நிமிடம் என்றால் கோபம் வரத்தான் செய்யும், அது நியாயமான கோபம். வேலை போன பொறியாளர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள், 1994-இல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் தினமும் 20 நிமிடம், தொடர்ந்து ஐந்து நாள், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதை அப்படியே எழுதினார்கள். மற்றவர்கள் அதை எழுதவில்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால், எழுதியவர்களில்தான் அதிகம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. இத்தனைக்கும் அவர்கள் மற்றவர்களைவிட அதிக இடங்களுக்கு விண்ணப்பிக்கவில்லை. மாற்றம் இன்டர்வியூ அறைக்குள்தான் நடந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். சொல்ல வேண்டியதையெல்லாம் காகிதத்தில் கொட்டிவிட்டவர்கள் கேள்வி வந்தபோது நிதானமாகப் பேசியிருப்பார்கள்.

இன்று ராத்திரியே தொடங்குங்கள். யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் திட்ட வேண்டியவரைப் பெயர் சொல்லியே திட்டி எழுதுங்கள், அந்த போன் காலில் நீங்கள் பதிலுக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது எதுவோ அதையும். ஐந்தாவது நாள் எழுதி முடித்ததும், "உங்கள் முந்தைய நிறுவனத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லி, வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள். குரல் எந்தச் சொல்லில் தடுக்குகிறதோ அந்தச் சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி சொல்லுங்கள். எப்படிப் போனது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.