ஒற்றுப்பிழை எல்லாம் ஒரு பெரிய விஷயமா?

'படிக்கிறவருக்குப் புரிந்தால் போதாதா, க், ச் எல்லாம் யார் பார்க்கிறார்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். போதும்தான், ஆனால் புரிய வேண்டுமே.

மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் 'கீரை கடை' என்று எழுதியிருந்தார்கள்; நடுவில் க் போட்டால் கீரை விற்கிற கடை, போடாவிட்டால் மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்கிற கட்டளை. கீரைக்கட்டு கண் முன்னால் இருப்பதால் யாரும் தடுமாறப் போவதில்லை, சரி. ஆனால் 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான், 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். அங்கே அந்த ஒற்றைப் புள்ளியெழுத்தை விட்டால் வேறு துப்பே கிடையாது.

நடை சீராக இருப்பது வேறு கதை. அக்கா மகள் காதுகுத்துப் பத்திரிகையில் மேலே 'மீனாட்சி', கீழே 'மீனாக்ஷி'. இரண்டுமே தப்பில்லை, நானும் மெய்ப்புப் பார்க்கும்போது விட்டுவிட்டேன். பெரியப்பா போன் போட்டு, "ஏப்பா, ரெண்டு பிள்ளைகளுக்கா குத்துறீங்க?" என்றார்.

இலக்கணப் புத்தகம் முழுக்க வேண்டாம். முதலில் இரண்டை மட்டும் பிடியுங்கள்: 'எதை', 'எதற்கு' என்ற கேள்விக்குப் பதிலாக, ஐ, கு என்ற வேற்றுமை உருபு வெளிப்படையாகச் சேர்ந்த சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் (பூ + ஐ: பூவைப் பறி, கடை + கு: கடைக்குப் போ). அப்புறம் பெயர், தேதி, நேரம் எழுதும் விதத்தை ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு எழுத உட்காருங்கள், பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.