பாப்பாய் ஏன் குதிப்பதில்லை? – வாசகர் கேள்விகள்

கேள்வி: கீரை தின்று பலம் பெறும் கார்ட்டூன் மாலுமி பாப்பாயை வைத்து 1985இல் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த விளையாட்டைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். அதே கணினியின் மற்ற விளையாட்டுகளில் உருவங்கள் கட்டைவிரல் நகம் அளவில் இருக்கின்றன. இதில் மட்டும் பாப்பாய் எப்படி அவ்வளவு பெரிதாக, அவ்வளவு வண்ணமாக இருக்கிறான்?
*– வாசகி, திருச்சி*

பதில்: படம் வரைந்து பிழைப்பவன் நான். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

பிரிட்டனில் 1982 ஏப்ரலில் வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் வண்ணம் காட்டிய கணினி. 16 கே (கிலோபைட்) நினைவகம் கொண்டது 125 பவுண்டு, 48 கே கொண்டது 175 பவுண்டு. அந்த விலைக்குள் வண்ணத்தைக் கொண்டுவர, வடிவமைத்தவர்கள் கடுமையான சிக்கனம் பிடித்தார்கள். திரையில் குறுக்கே 256 புள்ளிகள், நெடுக்கே 192. ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு நிறங்களில் ஒன்றைத் தனியாகக் குறித்துவைப்பதென்றால் திரைக்கு மட்டுமே 18 கே தேவைப்படும். 16 கே கணினியில் அதற்கு எங்கே போவது? ஆகவே திரையை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்தார்கள். வரிசைக்கு 32 கட்டங்கள், 24 வரிசைகள். ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறங்கள்தான் வரலாம்: உருவத்துக்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று. முழுத் திரையும் 6,912 பைட்டில் அடங்கிவிட்டது.

இதன் விளைவை நீங்களே பார்த்திருப்பீர்கள். சிவப்புச் சட்டைக்காரன் பச்சை மரத்தைக் கடக்கிறான். அவன் தொட்ட கட்டத்திலெல்லாம் மரமும் சிவப்பாகிறது, அல்லது அவன் பச்சையாகிறான். பல நிரலாளர்கள் இதற்கு அஞ்சி வண்ணத்தையே கைவிட்டார்கள். 1984இல் வந்த நைட் லோர் என்ற விளையாட்டில் ஓர் அறை முழுவதும் ஒரே நிறம். 1986இல் ஓஷன் நிறுவனம் வெளியிட்ட பேட்மேனும் அதே வழியில் போனது. அவை அற்புதமான விளையாட்டுகள். ஆனால் கார்ட்டூனுக்கு வண்ணம் வேண்டும். பாப்பாயைச் சாம்பல் நிழலாக யார் பார்க்க விரும்புவார்கள்?

டான் பிரீஸ்ட்லி என்பவர் எதிர்த் திசையில் போனார். முன்பு ஆசிரியராக இருந்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நிரல் எழுத வந்தவர். டிகேட்ரானிக்ஸ் நிறுவனத்துக்காக அவர் எழுதிய பாப்பாயில், உருவத்தையே அந்தக் கட்டங்களுக்கு ஏற்றபடி வரைந்தார். தொப்பி எங்கே முடிகிறதோ அங்கே கட்டமும் முடியும். முகத்தின் நிறம் சட்டையின் நிறத்தைச் சந்திக்கும் இடம் இரண்டு கட்டங்களின் எல்லையில் விழும். வழக்கமான நாயகன் 16 புள்ளி உயரம், அதாவது இரண்டு கட்டம். அதற்குள் இத்தனை எல்லைகளை வைக்க முடியாது. எனவே உருவம் பல மடங்கு வளர்ந்தாக வேண்டும். பாப்பாய் பெரிதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டம் கொடுக்க வேண்டியிருந்ததால் உருவம் வளர்ந்தது.

வாரப் பத்திரிகைகளில் இரண்டு வண்ண அச்சு இருந்த நாட்களில் படம் வரைந்தவர்களுக்கு இந்த வேலை உடனே புரியும். கறுப்பும் சிவப்பும் மட்டுமே கிடைக்கும் என்று தெரிந்தால் புடவைக் கரையை எங்கே வைப்பது என்று முதல் கோட்டிலேயே முடிவுசெய்து விடுவோம். அப்படி முடிவெடுக்கத் தெரிந்தவரின் கை பிரீஸ்ட்லியினுடையது. அவரை வெறும் நிரலாளர் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் கார்ட்டூன் ஓவியர்.

கேள்வி: படமாகப் பார்க்க அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாப்பாய் நடக்கவில்லை, தத்துகிறான். இதற்கா இவ்வளவு புகழ்ச்சி?
*– வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: தத்துகிறான் என்பது உண்மை. அந்த அழகுக்குக் கொடுத்த விலை அதுதான். நிறம் கட்டத்தோடு கட்டுண்டிருப்பதால் உருவமும் கட்டம் கட்டமாகத்தான் நகர முடியும். ஒரே எட்டில் எட்டுப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினால் தொப்பியின் வெள்ளை அடுத்த கட்டத்துக்குள் கசிந்துவிடும்.

இந்த விளையாட்டை அதன் காலத்திலேயே லண்டனில் என் அத்தான் வீட்டில் பார்த்திருக்கிறேன். கணினியை வீட்டுத் தொலைக்காட்சியின் ஆண்டெனா துளையில் செருகியிருந்தார்கள். விளையாட்டு பதிந்த கேசட் நிமிடக் கணக்கில் கீச்சிட்டு முடிந்த பிறகுதான் படம் வரும். அந்தத் திரையில் ஓரங்கள் எல்லாம் சற்றே கரைந்து தெரியும். தத்தல் அப்போதும் இருந்தது. இன்றைய கூர்மையான திரையில் அது உறுத்துகிற அளவுக்கு அங்கே உறுத்தவில்லை. நீங்கள் லேப்டாப்பில் பார்த்திருந்தால் உங்கள் புகாரில் பாதிக்கு அந்தத் திரையே காரணம்.

மீதிப் பாதியை நான் மறுக்கப்போவதில்லை. இந்த விளையாட்டில் பாப்பாய் இதயங்களைத் தேடிச் சேர்த்துக் காதலி ஆலிவின் அன்பைக் காப்பாற்ற வேண்டும், எதிரி புளூட்டோ வழிமறிப்பான், கீரை டப்பா கைகொடுக்கும். விரட்டலும் தப்பித்தலுமாக ஓடும் கதை இது. இதற்குத் துரித நடை வேண்டும். அந்த இடத்தில் விளையாட்டு சற்றுத் தடுமாறுகிறது. ஒரு கார்ட்டூன் பாத்திரத்தின் உருவத்தைக் கொண்டுவருவது ஒரு வேலை, அவன் சுபாவத்தை விளையாட்டின் விதியாக மாற்றுவது இன்னொரு வேலை. முதல் வேலையை இந்தப் பாப்பாய் பிரமாதமாகச் செய்தது. இரண்டாவது வேலையைச் செய்த பாப்பாய் வேறொன்று. அடுத்த கேள்விக்கு வருகிறேன்.

கேள்வி: பாப்பாய் கிடைக்காமல் போனதால்தான் மாரியோ பிறந்தான் என்கிறார்களே, நிஜமா?
*– கல்லூரி மாணவர், புதுச்சேரி*

பதில்: நிஜம். நிண்டெண்டோ நிறுவனம் ரேடார் ஸ்கோப் என்ற விளையாட்டு எந்திரங்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவற்றில் பெரும்பகுதி விற்காமல் தேங்கியது. அந்தப் பெட்டிகளுக்குள் வேறு விளையாட்டைப் பொருத்தும் வேலை ஷிகெரு மியமோட்டோ என்ற இளம் ஓவியரிடம் வந்தது. பாப்பாய், ஆலிவ், புளூட்டோ மூவரையும் வைத்துச் செய்ய நினைத்தார்கள். அந்த வேளையில் உரிமை கிடைக்கவில்லை. புளூட்டோவின் இடத்துக்கு ஒரு கொரில்லா வந்தது, ஆலிவின் இடத்துக்கு ஓர் இளம்பெண், பாப்பாயின் இடத்துக்கு ஒரு தச்சன். 1981இல் வந்த அந்த விளையாட்டு டாங்கி காங். தச்சன்தான் பின்னாளில் மாரியோ.

இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. மறு ஆண்டே, 1982இல், நிண்டெண்டோவுக்கு உரிமை கிடைத்து பாப்பாய் விளையாட்டு எந்திரம் விளையாட்டுக் கூடங்களுக்கு வந்தது. டாங்கி காங் உலகையே ஆட்டிக்கொண்டிருந்த நேரம். அதே தாண்டலையும் உருண்டுவரும் பீப்பாய்களையும் திரும்பப் போட்டு, ஆளை மட்டும் மாற்றியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அதைச் செய்யவில்லை. இந்தப் பாப்பாயால் குதிக்கவே முடியாது. நடப்பான், ஏறுவான், இறங்குவான், குத்துவான். இருக்கிற ஒரே பொத்தான் குத்துக்கு.

எல்சி சேகர் 1929 ஜனவரியில் செய்தித்தாள் சித்திரத் தொடரில் அறிமுகப்படுத்திய மாலுமியை நினைத்துப் பாருங்கள். ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கால் ஊன்றி நின்று அடி வாங்குகிறவன். பல்டி அடிக்கிறவன் அல்ல. விளையாட்டிலும் அப்படியே: கடல் சூனியக்காரி வீசும் புட்டிகளைக் குத்தி உடைக்கலாம், ஆனால் புளூட்டோவைச் சாதாரணக் குத்தால் ஒன்றும் செய்ய முடியாது, அவன் தொட்டால் உயிர் போகும். அவன் மேல்தளத்திலிருந்து கையைக் கீழே நீட்டிப் பிடிப்பான், தொப்பென்று கீழ்த்தளத்துக்கும் குதிப்பான். நாயகனுக்குக் கிடைக்காத குதி வில்லனுக்குக் கிடைத்திருக்கிறது!

ஆலிவ் மேலிருந்து இதயங்களை உதிர்க்கிறாள். பின்னால் வரும் சுற்றுகளில் இசைக் குறிகளும் எழுத்துகளும். அவை மெல்ல அசைந்தாடி விழும். தண்ணீரில் விழுந்தால் சற்று நேரம் மிதக்கும், அதற்குள் எடுக்காவிட்டால் மூழ்கும், ஓர் உயிர் போகும். ஆகவே ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடும்போதெல்லாம் பயப்பட வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கீரை டப்பா. அதைக் குத்தித் திறந்ததும் இசை மாறும், புளூட்டோ பயந்து ஓடுவான், சில நொடிகள் உலகம் தலைகீழாகும். கார்ட்டூனில் ஆறு நிமிடம் உதை வாங்கிவிட்டுக் கடைசி நிமிடத்தில் திருப்பிக் கொடுக்கிற அந்தக் கணக்கு முழுவதும் ஒரு டப்பாவுக்குள் இருக்கிறது. டப்பாவை எப்போது திறப்பது என்ற தவிப்புக்காகவே இதை இன்றும் விளையாடுகிறேன். 1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ தன் வீட்டு எந்திரமான ஃபாமிகாமை வெளியிட்டபோது, முதல் நாளே கூட வந்த மூன்று விளையாட்டுகளில் ஒன்று பாப்பாய். மற்ற இரண்டும் டாங்கி காங் வகை.

கேள்வி: அதே பாப்பாய், அட்டாரி 2600 என்ற வீட்டு விளையாட்டு எந்திரத்துக்கு வந்த பதிப்பு என்னிடம் இருக்கிறது. அதில் ஆள் யாரென்றே தெரியவில்லையே?
*– வாசகர், சேலம்*

பதில்: பார்க்கர் பிரதர்ஸ் 1983இல் வெளியிட்டது. அந்த எந்திரத்தின் உள் நினைவகம் 128 பைட். கேபி, எம்பி அல்ல, பைட். அதில் விளையாட்டு நடக்கும் மூன்று இடங்களையும் புளூட்டோவையும் கீரையையும் கொண்டுவந்ததே பெரிய காரியம். முகத்தைத் தேடாதீர்கள், விதிகளைப் பாருங்கள். அவை அப்படியே இருக்கின்றன. கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கும் அதே நிறுவனம் ஒரு பதிப்பு வெளியிட்டது. வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: கார்ட்டூனிலிருந்து வந்த பழைய வீட்டுக் கணினி விளையாட்டுகளில் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?
*– ஆசிரியை, நாகர்கோவில்*

பதில்: தி டிராப் டோர். தயக்கமே இல்லை.

1986இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்காக வந்த களிமண் பொம்மைத் தொடர் அது. டெரி பிரைனும் சார்லி மில்ஸும் உருவாக்கியது. ஒரு கோட்டையின் நிலவறையில் பெர்க் என்ற நீல நிறக் குண்டுப் பிராணி வேலை செய்கிறது. மேல்மாடியில் இருக்கும் எஜமான் முழுதாகக் கண்ணில் படுவதே இல்லை. அதட்டும் குரல் மட்டும் வரும். போனி என்று ஒரு பேசும் மண்டையோடு, ட்ரட் என்று புழு தின்னும் ஒரு செல்லப்பிராணி. தரையில் ஒரு கதவு. திறந்தால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதே ஆண்டு பிரான்யா நிறுவனத்துக்காக இதை விளையாட்டாக்கியவர் நம் பிரீஸ்ட்லி. மேலே இருப்பவருக்குச் சமைத்து அனுப்புவதுதான் விளையாட்டு. ஒரு டப்பா நிறையப் புழு வேண்டும் என்று உத்தரவு வரும். பெர்க் நெம்புகோலை இழுத்துத் தரைக்கதவைத் திறந்து, வெளிவரும் ஜந்துக்களில் தேவையானதைப் பிடித்து, தேவையில்லாததிடமிருந்து தப்பி, நேரத்துக்குள் உணவை மேலே ஏற்ற வேண்டும். நீங்கள் சேர்த்த புழுவை ட்ரட் தின்றுகொண்டிருக்கும்.

பாப்பாயில் குறையாக இருந்தது இதில் குணமாகிவிட்டதைக் கவனியுங்கள். பெர்க் கனத்த உடம்புக்காரன். அவன் கட்டம் கட்டமாக நகர்வது தளர்நடையாகவே தெரிகிறது. களிமண் உருவத்துக்கு ஒவ்வொரு பாகமும் ஒரே நிறம், ஓரங்கள் தடிமன்; ஸ்பெக்ட்ரமின் கட்டத்துக்கென்றே பிசைந்த உருவம். பொருள்களை எடுப்பதும் கவிழ்ப்பதும் சுமப்பதும்தான் வேலை என்பதால் துரிதமும் வேண்டியதில்லை. கணினிக்கு எது முடியாதோ அதைப் பாத்திரமும் செய்வதில்லை. இப்படி ஒரு பொருத்தத்தை அந்தத் தலைமுறை விளையாட்டுகளில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. 1987இல் அவரே இதற்குத் தொடர்ச்சியும் எழுதினார். அதுவும் நன்று, முதலாவது இன்னும் நன்று.

கேள்வி: இந்தக் கணினிகள் இந்தியாவுக்கு வந்தனவா?
*– வாசகர், விருதுநகர்*

பதில்: வந்தன. புனேயைச் சேர்ந்த டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் ஸ்பெக்ட்ரமை இங்கே விற்றது. பள்ளிகளுக்கு வந்தது வேறு கணினி: 1984இல் மத்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் வைக்கப்பட்டன.

கேள்வி: என் பேத்திக்கு ஒன்பது வயது. அவளுக்கு இவற்றைக் காட்ட விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
*– வாசகி, தஞ்சாவூர்*

பதில்: விளையாட்டில் தொடங்காதீர்கள், அம்மா. ஃபிளைஷர் சகோதரர்கள் 1933 முதல் எடுத்த பாப்பாய்க் குறும்படங்களில் இரண்டைக் காட்டுங்கள். கீரை எதற்கு என்று தெரியாத குழந்தைக்கு அந்த டப்பாவின் அருமை தெரியாது. பிறகு நிண்டெண்டோவின் பாப்பாய். குதிக்கப் பொத்தான் தேடுவாள். இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாள். அதில் கை பழகிய பின் தி டிராப் டோர். அதை நீங்களும் கூட உட்கார்ந்து விளையாடுங்கள்; ஒருவர் பெர்க்கை நகர்த்த, இன்னொருவர் ட்ரட் எங்கே போகிறது என்று பார்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

கணினியில் எமுலேட்டர் (பழைய எந்திரத்தைப் போல நடிக்கும் மென்பொருள்) வழியாக ஓட்டும்போது படத்தை மழமழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது புள்ளிகளைக் குழப்பி ஓவியரின் கோட்டைக் கெடுக்கிறது. திரையை அகலவாக்கில் இழுக்க வேண்டாம், பெர்க் ஏற்கெனவே குண்டு. கேசட் ஏறும் நேரத்தைச் சுருக்கும் வசதியும் இருக்கும். தினமும் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஒரு தடவை மட்டும் அணைத்துவிட்டு அந்தக் கீச்சொலியை முழுவதுமாகக் கேட்கவிடுங்கள், குழந்தைகளுக்கு அது பிடித்துப்போகிறது. ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளில் எந்த விசை எந்தப் பக்கம் நகர்த்தும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஒரு தாளில் எழுதி விசைப்பலகைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.