நே வின்: எழுச்சியும் வீழ்ச்சியும் (ஊர்க்காரர்கள் கேட்ட கேள்வி பதில்)

தொண்டி: ஐயா, பர்மாவின் (இன்றைய மியான்மர்) ராணுவத் தளபதி நே வின் எப்படி ஆட்சியைப் பிடித்தார்?

இரண்டு தடவையில். 1958ல் பிரதமர் ஊ நுவே அழைத்துப் பொறுப்பைக் கொடுத்தார். 1960ல் தேர்தல் வைத்துத் திருப்பிக் கொடுத்தார் நே வின். அதனால் 1962 மார்ச் 2 விடியுமுன் படை இறங்கியபோது, இதுவும் கொஞ்ச நாள்தான் என்று பலர் நம்பிவிட்டார்கள். ஊ நு, அமைச்சர்கள், தலைமை நீதிபதி, ஷான் இனத் தலைவர்கள் அத்தனை பேரும் அன்றே கைது. ஜூலை 7ல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் துப்பாக்கிச் சூடு. மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்போதுதான் நம்பியவர்களுக்குப் புரிந்தது.

கீழக்கரை: காக்கா (அண்ணா), பாட்டனார் பெட்டியில் 100 கியாட் (பர்மா பணம்) நோட்டு இருக்கு. மாற்றலாமா?

மாற்ற முடியாது. பர்மா விடுதலைத் தலைவர் ஆங் சான் படத்தோடு யூனியன் பாங்க் ஆஃப் பர்மா என்று இருந்தால், 1964 மே 17ல் 50, 100 இரண்டையும் செல்லாதென்று அறிவித்தபோது போன நோட்டு. சேகரிப்பவர்கள் மட்டும் வாங்குவார்கள். டேப் ஒட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், பசை ஆல்பத்தில் வைக்காதீர்கள். நம் கரையின் உப்புக் காற்றுக்கு சாதா பிளாஸ்டிக் உறை நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலியஸ்டர் உறையே நல்லது.

பாம்பன்: நே வின் விரட்டித்தானே எங்க ஆட்கள் பர்மாவிலிருந்து காட்டு வழியா நடந்து வந்தாங்க?

இல்லை. நடந்து வந்தது 1942, ஜப்பான் படைக்குப் பயந்து. நே வின் காலத்தில் வந்தவர்கள் 1964 முதல், கப்பலிலும் விமானத்திலும். வீட்டுக் கதையில் முதலில் வருடத்தைக் கேளுங்கள்.

ஏர்வாடி: பர்மாவில் வட்டிக்குக் கொடுத்த செட்டியார்கள் நிலத்தைச் சுருட்டியதால்தானே தமிழனுக்கே அடி விழுந்தது?
தேவிபட்டினம்: அபாண்டம்! கடைக்காரன் என்ன பாவம் செய்தான்?

இரண்டையும் போட்டுக் குழப்புகிறீர்கள். நிலத்தில் கைவைத்தது ஊ நு அரசின் 1948 சட்டம். நே வின் 1963ல் வங்கிகளை எடுத்தார், 1964 மார்ச்சில் கடைகளை. பர்மியர், சீனர் கடைகளும் போயின. ஆனால் குடியுரிமை இல்லாத இந்தியருக்குக் கடை போனால் பிழைப்பே போச்சு. நகையையும் பணத்தையும் எடுத்துவர விடவில்லை. சுமார் மூன்று லட்சம் பேர் வெளியேறினார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பது உண்மை, வலி ஒன்றல்ல என்பதும் உண்மை. தயவுசெய்து சாதியை இழுக்காதீர்கள்.

மண்டபம்: இங்குள்ள முகாம் பர்மாக்காரர்களுக்குக் கட்டியதா?

இல்லை. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் தங்கியது அது. வேறு கதை.

ராமேஸ்வரம்: அவ்வளவு பலசாலி எப்படி விழுந்தார்?

நோட்டால். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. நே வின் ஆட்சியில் நெல்லை அரசே மலிவு விலைக்கு எடுத்ததால் உழவர் விளைச்சலைப் பதுக்கினர், கள்ளச் சந்தை கொழுத்தது. அதை ஒடுக்க 1985ல் பெரிய நோட்டுகளைச் செல்லாமல் ஆக்கி, 75, 35 என்று அடுத்தடுத்துப் புது நோட்டு அடித்தார்கள். 1987 செப்டம்பர் 1ல் தானிய வியாபாரத்தைத் திறந்துவிட்டார்கள். நான்கே நாளில், 5ஆம் தேதி, 25, 35, 75 மூன்றும் மாற்றுப் பணமே இல்லாமல் செத்தன. நெல் வாங்கக் கையில் ரொக்கம் வைத்திருந்தவன் நடுத்தெருவில் நின்றான். கல்லூரிக் கட்டணம் வைத்திருந்த மாணவன் அன்றே தெருவில் இறங்கினான். அடுத்து வந்தவை 45, 90. ஒன்பதால் வகுபடும் எண்கள், அவருக்கு ராசியானவை.

1988 மார்ச்சில் தேநீர்க் கடைத் தகராறு ஒன்று கலவரமாயிற்று. ஜூலை 23ல் பதவி விலகினார். ராணுவம் சுட்டால் குறி பார்த்தே சுடும் என்று மிரட்டிவிட்டுத்தான் விலகினார். ஆகஸ்ட் 8ல் நாடே எழுந்தது. செப்டம்பர் 18ல் மறுபடி ராணுவமே வந்தது. ஆள் விழுந்தார், ராணுவ ஆட்சி விழவில்லை.

பனைக்குளம்: 100 கியாட் மாற்றலாமா?

கீழக்கரைக்குச் சொன்ன பதில்தான்.

பெரியபட்டினம்: நடந்து வந்த கதை...

1942. நே வின் அல்ல.

தங்கச்சிமடம்: அத்தோ (பர்மா நூடுல்ஸ்) செய்முறை?

சமையல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

திருப்பாலைக்குடி: நே வினுக்குத் தண்டனை கிடைத்ததா?

நீதிமன்றத்தில் இல்லை. 2002 மார்ச்சில் மருமகனும் பேரன்களும் ஆட்சிக் கவிழ்ப்புச் சதி என்று கைதானார்கள். அவர் வீட்டுக்காவலில் இருந்தார். டிசம்பர் 5ல் இறந்தார். அரசு மரியாதை இல்லை. அன்றே எரித்தார்கள், சாம்பலை மகள் ஆற்றில் கரைத்தார்.