தைராய்டு மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே எவ்வளவு நேரம்?

கேள்வி: எனக்கு வயது 38. தைராய்டு சுரப்பு குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் எழுந்ததும் மாத்திரையைப் போட்டு, கையோடு காபி குடித்துவிடுவேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை. முடி கொட்டுவதால் பயோட்டினும் உண்டு. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சோயா மூன்றையும் அடியோடு நிறுத்திவிட்டேன். அப்படியும் ரத்தச் சோதனையில் டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) ஒரு தடவை 4, அடுத்த தடவை 9 என்று வருகிறது. டோஸ் ஏறிக்கொண்டே போகிறது. சாப்பாட்டாலேயே சரிசெய்து மாத்திரையை விட வழி இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் நிறுத்திய காய்கறிகளைவிட, நிறுத்தாத அந்தக் காபிதான் எனக்குக் கவலை தருகிறது, அம்மா. உங்கள் தைராய்டு மாத்திரையில் உள்ள லெவோதைராக்ஸின், மைக்ரோகிராம் கணக்கில் கொடுக்கப்படும் மருந்து. வெறும் வயிற்றில் போட்டாலே முழுவதும் ரத்தத்தில் சேர்வதில்லை. மேலே காபியும் போனால் இன்னும் குறையும். கால்சியமும் இரும்பும் குடலிலேயே மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் காபி தாமதமாகும், ஒரு நாள் உடனே குடிப்பீர்கள். உள்ளே போகும் மருந்தும் நாளுக்கு நாள் மாறும். உங்கள் 4-க்கும் 9-க்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுங்கள். காபியோ சாப்பாடோ அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிட்டால் குழப்பமே இல்லை. காலையில் காபிக்குக் காத்திருக்கவே முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பலருக்கு அது நன்றாகவே ஒத்துவருகிறது.

ஒரு எச்சரிக்கை. மருந்து சரியாக உள்ளே போகாததால்தான் உங்கள் டோஸை ஏற்றியிருக்கிறார்கள் என்றால், இப்போது அதே டோஸ் கூடுதலாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கம் வராமை தெரிந்தால் காத்திருக்காதீர்கள். நேரத்தை மாற்றப்போவதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டு, 6 முதல் 8 வாரத்தில் டி.எஸ்.ஹெச். பாருங்கள். மாத்திரையிலிருந்து உடம்பில் சேர்ந்த தைராய்டு ஹார்மோன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் அவசரப்பட்டுச் சோதித்துப் பயனில்லை.

பயோட்டின் என்ற வைட்டமின் விஷயம் பலருக்குத் தெரிவதே இல்லை. ஒரு நாளைக்கு உடம்புக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். சில ஆய்வக முறைகளில் அது டி.எஸ்.ஹெச்.சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ரத்தம் கொடுக்க குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள். அதைச் சாப்பிடுவதை மருத்துவரிடமும் சொல்லுங்கள். முடி கொட்டுவதற்குத் தைராய்டு குறைவும் இரும்புச்சத்துக் குறைவுமே காரணமாகலாம். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையைப் பார்த்தால் இரும்பு விஷயம் தெளிவாகிவிடும்.

முட்டைக்கோஸையும் காலிஃபிளவரையும் தாராளமாகச் சமைத்துச் சாப்பிடுங்கள். தைராய்டுக்கு இடைஞ்சலான பொருளை அவற்றில் உண்டாக்கும் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். முட்டைக்கோஸ் குடும்பத்துக் கீரை ஒன்றால் 88 வயதுப் பெண்மணி நினைவிழந்து மருத்துவமனைக்கு வந்ததாக 2010-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. அவர் மாதக்கணக்கில் தினமும் ஒரு கிலோவுக்கு மேல் பச்சையாகச் சாப்பிட்டு வந்தவர். நம் தட்டில் விழும் ஒரு கரண்டி பொரியலுக்கு அந்தப் பயம் தேவையில்லை. சோயாவும் சாப்பிடலாம், மாத்திரை நேரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

மாத்திரையை விட முடியுமா? உங்கள் சுரப்பியை உடம்பின் எதிர்ப்புசக்தியே அழித்துவரும் ஹாஷிமோட்டோ வகை என்றால், எந்த உணவும் அதை மீட்டுத் தராது. உங்களுக்கு அந்த வகைதானா என்று அறிய உதவும் டி.பி.ஓ. ஆன்டிபாடி என்ற ரத்தச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: என் மகளுக்கும் தைராய்டு மாத்திரை உண்டு. குழந்தைக்குத் திட்டமிடுகிறாள். அயோடின் உப்பு கெடுதல் என்று யாரோ சொல்லி, அயோடின் சேர்க்காத கல் உப்புக்கு மாறிவிட்டாள். அதற்கு ஈடாகக் கடற்பாசி மாத்திரை வேறு வாங்கியிருக்கிறாள். சரிதானா?
- ஒரு தாய்

பதில்: இரண்டுமே வேண்டாம். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. கருவின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம். அயோடின் உப்பிலிருந்து இதில் பெரும்பகுதி எளிதாகக் கிடைத்துவிடும். கடற்பாசி மாத்திரையிலோ எவ்வளவு இருக்கும் என்று கணக்கே கிடையாது. அயோடின் அளவுக்கு மிஞ்சினாலும் தைராய்டு கெடும். உப்பை மூடி வையுங்கள், சமையல் முடியும் தறுவாயில் போடுங்கள்.

கருத்தரிக்கும் முன்பே ஒரு முறை டி.எஸ்.ஹெச். பார்த்துவிடச் சொல்லுங்கள். நாள் தள்ளிப்போய்க் கர்ப்பம் உறுதியானால், முதல் ஸ்கேன் வரை காத்திராமல் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அப்போது டோஸை 25 முதல் 30 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும்.