கார் தொடுதிரையில் படமும் பாட்டும்: கேள்வி பதில்

கார் ஸ்டீரியோ பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். திரை, பென்டிரைவ், வயரிங் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

64 ஜிபி பென்டிரைவில் படங்கள் ஏற்றினேன். கம்ப்யூட்டரில் எல்லாம் ஓடுகின்றன. ஒரு காரில் பென்டிரைவே தெரியவில்லை. இன்னொரு காரில் தெரிகிறது, ஆனால் பாதிப் படங்கள் ஓடவில்லை. (ஈரோடு)

இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் பலர் நல்ல ஸ்டீரியோவைக் கழற்றி விற்றுவிடுகிறார்கள்.

பென்டிரைவே தெரியவில்லை என்றால், அது ஃபார்மேட் செய்யப்பட்ட முறையை, அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை, பாருங்கள். கார் ஸ்டீரியோக்கள் ஏறக்குறைய எல்லாமே ஃபேட்32 முறையைப் படிக்கும். எக்ஸ்ஃபேட்டைச் சில படிக்கும். என்.டி.எஃப்.எஸ் முறையைப் படிப்பவை குறைவு. 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டாகவே கடைக்கு வருகின்றன. விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தருவதில்லை. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் தரும். இதெல்லாம் சிரமம் என்றால் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முதலில் பிரதி எடுத்துவையுங்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொடவும் முடியாது.

பென்டிரைவ் தெரிந்து படம் மட்டும் ஓடவில்லை என்றால், காரணம் கோப்புக்குள் இருக்கிறது. எம்.பி.4, எம்.கே.வி என்பவை வெறும் பெட்டிகள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். எச்.264 என்ற முறை 2003-இல் வந்தது. இன்று சந்தையில் உள்ள திரைகளில் பெரும்பாலானவை அதை அறியும். எச்.265 வந்தது 2013-இல். அதை விரிக்கும் மின்சுற்று உங்கள் ஸ்டீரியோவின் சிப்பில் இல்லையென்றால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. கம்ப்யூட்டரில் வலுவான பிராசஸர் இருப்பதால் மென்பொருளே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஒலி வந்து திரை கறுப்பாக இருந்தால் கோளாறு படத்தில். படம் வந்து ஒலி வரவில்லை என்றால் உள்ளே இருப்பது டி.டி.எஸ் அல்லது டால்பி ஒலியாக இருக்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ஹேண்ட்பிரேக் என்றே பெயர் கொண்ட இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ‘ஃபாஸ்ட் 720பி30’ என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். படம் எச்.264, ஒலி ஏ.ஏ.சி என்று வந்துவிடும். கார் திரைகள் பல 1024 × 600 அல்லது 1280 × 720 புள்ளிகள்தான். அதில் 4கே கோப்பைப் போட்டு ஒரு நன்மையும் இல்லை.

ஐபோனில் எடுத்த கல்யாண வீடியோ காரில் கறுப்பாகத் தெரிகிறது. (காரைக்குடி)

2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபோன்கள் எச்.265 முறையில்தான் பதிவு செய்கின்றன. செட்டிங்ஸில் கேமரா, அதனுள் ஃபார்மேட்ஸ், அதில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்று வையுங்கள். இனி எடுப்பவை எச்.264-ஆக இருக்கும். ஏற்கெனவே எடுத்த கல்யாண வீடியோவை மேலே சொன்னபடி மாற்ற வேண்டும். மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

பாட்டுகள் வரிசை மாறி ஓடுகின்றன. தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. (நாகர்கோவில்)

பல ஸ்டீரியோக்கள் அகர வரிசையைப் பார்ப்பதில்லை. பென்டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதையே முதலில் ஓட்டும். அதனால் பெயருக்கு முன் 01, 02 என்று எண் போட்டு, காலியான பென்டிரைவில் அதே வரிசையில் பிரதி எடுங்கள். கட்டம் தெரிவது ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துரு இல்லாததால். ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே வழி. ஒரு தமிழ்ப் பாட்டின் பெயரைத் தமிழில் காட்ட முடியாத கருவியை இங்கே விற்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

128 ஜிபி பென்டிரைவ் தெரியவில்லை. (ஓசூர்)

முதல் பதிலைப் படியுங்கள்.

பென்டிரைவ் சரிதான், ஆனாலும் தெரியவில்லை. பின் இருக்கைத் துளையில் செருகியிருக்கிறேன். (தஞ்சாவூர்)

அது சார்ஜ் போட மட்டும் உள்ள துளையாக இருக்கும். முன்னால் டேஷ்போர்டில் உள்ளதில் செருகுங்கள்.

கார் ஓடும்போது படம் நின்றுவிடுகிறது. ஒரு வயரை எர்த்தில் கட்டினால் போதும் என்கிறார்கள். எந்த நிற வயர்? (சேலம்)

சொல்லமாட்டேன். எந்தக் கடையில் கேட்டாலும் அதைச் செய்யவிடாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் அதன் சுவிட்ச் அந்த வயரை எர்த்தோடு இணைக்கும்; வண்டி நிற்கிறது என்று ஸ்டீரியோ புரிந்துகொண்டு படத்தைக் காட்டும். நிரந்தரமாக எர்த்தில் கட்டுவது, ஓடும் வண்டியை நிற்கும் வண்டி என்று அதற்குப் பொய் சொல்வது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 44 மீட்டர் சாலையைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறீர்கள்.

நான் பார்க்கப்போவதில்லை. பின்னால் இருக்கும் குழந்தைகளுக்காகத்தான் கேட்கிறேன். (அதே சேலம் நண்பர்)

குழந்தைகளுக்காக என்றால் திரை ஏன் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்? முன் இருக்கையின் தலைசாய்மானத்துக்குப் பின்னால் டேப்லெட்டைப் பட்டை போட்டு இறுக்கமாகக் கட்டுங்கள். தளர்வாக வைத்தால் திடீர் பிரேக்கில் பறந்து வந்து அடிக்கும். படங்களை வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் மேப்பையும் அதே திரையில்தானே பார்க்கிறோம்? இது மட்டும் ஆபத்தா? (திருப்பூர்)

மேப் சொல்வதைக் காதால் கேட்டுக்கொண்டு, திருப்பத்தில் ஒரு கணம் பார்க்கிறோம். படத்தின் கதை அப்படியல்ல. அடுத்து என்ன என்று கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும்.

டெஸ்லாவில் அனுமதித்தார்களே? (பெங்களூரு)

அங்கே நடந்ததை முழுவதும் சொல்கிறேன். ‘பாசஞ்சர் பிளே’ என்ற வசதியால் ஓடும்போதும் முன் திரையில் விளையாட்டுகள் ஆட முடிந்தது. 2021 டிசம்பரில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சுமார் 5,80,000 வண்டிகள் தொடர்பாக விசாரணை தொடங்கியது. வண்டி நகரும்போது அந்த வசதியைப் பூட்ட அடுத்த நாளே டெஸ்லா ஒப்புக்கொண்டது. உங்கள் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது.

சட்டத்தில் கைபேசிக்குத்தானே தடை? டேஷ்போர்டு திரை கையில் இல்லையே. (சேலம் நண்பர், மறுபடியும்)

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பிரிவின் அடிப்படையே பொதுமக்களுக்கு ஆபத்தான முறையில் ஓட்டுவதுதான். படம் பார்த்துக்கொண்டு ஒருவர் மேல் மோதினால் திரை கையில் இல்லை என்பது உங்களைக் காப்பாற்றாது. அடிபட்டவரையும் காப்பாற்றாது. இதற்கு மேல் இந்த வயரைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் ஓடும்போது யூடியூப் பார்க்க ஒரு செயலி இருக்கிறதாமே? (கோவை)

அந்த வயரின் தம்பி. பதில் அதேதான்.

புளூடூத் வழியாகப் படம் அனுப்பலாமா? (விழுப்புரம்)

முடியாது. கார் ஸ்டீரியோவுக்குப் புளூடூத்தில் பொதுவாக ஒலி மட்டும்தான் போகும்.

வண்டியை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் நேரம், ரேடியோ நிலையங்கள், படம் நின்ற இடம் எல்லாம் அழிந்துவிடுகின்றன. வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ. (திண்டுக்கல்)

நல்ல கேள்வி. வெளியில் வாங்கும் ஸ்டீரியோவில் பொதுவாக மஞ்சள் வயர் நேரடி பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரத்துக்கு, கறுப்பு எர்த்துக்கு. நினைவைக் காப்பது மஞ்சள்தான். பொருத்தியவர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துச் சாவி லைனில் கட்டியிருப்பார். சாவியை எடுத்ததும் எல்லாம் மறந்துபோகிறது. இரண்டையும் நேரடி பேட்டரியில் கட்டினால் நினைவு நிற்கும், ஆனால் ஸ்டீரியோ அணையாமல் பேட்டரியைத் தின்றுவிடும். சில வண்டிகளின் கப்ளரில் (வயர்களை இணைக்கும் செருகியில்) இந்த இரண்டு இடமும் மாறியிருப்பதும் உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள். உங்கள் மாடலுக்கான கப்ளர் வாங்கிப் போடுங்கள், வண்டியின் வயரை வெட்டவிடாதீர்கள். வெட்டிய பிறகு வாரண்டியில் தகராறு வரும்.

பென்டிரைவ் தெரியவில்லை... (மதுரை)

முதல் பதில்.

ஸ்டீரியோ போட்டதிலிருந்து மைலேஜ் குறைந்ததாகத் தோன்றுகிறது. (வேலூர்)

சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள், அது என் துறை அல்ல.

பென்டிரைவைக் காரிலேயே விட்டுவிடலாமா? (கடலூர்)

விடலாம், ஆனால் வெயிலில் பூட்டிய காரின் சூடு அதற்கு நல்லதல்ல. வேறு பிரதி இல்லாத குடும்ப வீடியோவை மட்டும் அதில் விடாதீர்கள்.