நெருங்கி வந்தால் விலகி ஓடுகிறேன், எனக்கு மனசே கிடையாதா டாக்டர்?

யார் சொன்னது கிடையாது என்று? "அவர் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், ஃபோன் அடித்து ஓயும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன், அப்புறம் ராத்திரி அவருடைய பழைய மெசேஜையெல்லாம் எடுத்துப் படிப்பேன்" என்று உங்கள் காதலரைப் பற்றிக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனசு இல்லாதவர் எதற்குப் பழைய மெசேஜைத் தேடிப் படிக்கப் போகிறார்? இதற்கு முன்பு இரண்டு பேரை விட்டு விலகியிருக்கிறீர்கள், இவரோடு சேர்த்து மூன்று பேர் விஷயத்திலும் கல்யாணப் பேச்சு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இவர் சிரிக்கும் சத்தமே பிடிக்காமல் போய்விட்டது என்கிறீர்கள், ஒரு வருஷமாக அவர் அதே மாதிரிதானே சிரித்துக்கொண்டிருந்தார்? கல்யாணத்தைப் பற்றிப் பேசின வாரத்திலிருந்து அது பிடிக்காமல் போகிறது என்றால், கோளாறு சிரிப்பில் இல்லை. நெருக்கம் பயமாக இருக்கும்போது மனசு விலகுவதற்கு ஒரு காரணம் தேடும், கையில் கிடைக்கும் முதல் குறையைப் பிடித்துக்கொள்ளும்.

மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு வயதுக் குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார். அம்மா சில நிமிஷம் அறையை விட்டு வெளியே போவார், திரும்பி வருவார், குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். பெரும்பாலான குழந்தைகள் அழுதன, அம்மா வந்ததும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டு அடங்கின. சில குழந்தைகள் மட்டும் அழவே இல்லை, அம்மா திரும்பி வந்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொம்மையோடு இருந்துவிட்டன. பார்க்கிறவர்களுக்கு 'சமர்த்துக் குழந்தை' என்று தோன்றும். 1970களில் வேறு ஆய்வாளர்கள் இதே சோதனையில் இதயத்துடிப்பையும் சேர்த்து அளந்தபோதுதான், அழாத அந்தக் குழந்தைகளுக்கும் உள்ளுக்குள் துடிப்பு ஏறியிருப்பது தெரிந்தது. தவிப்பு அவற்றுக்கும் இருந்தது, காட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகியிருந்தன, அவ்வளவுதான்.

சின்ன வயதில் அழுதால் "உள்ளே போய் அழுது முடித்துவிட்டு வா" என்று கதவைச் சாத்துவார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அந்த வரி சின்ன விஷயமில்லை. ஆறுதல் தேடிப் போனால் கதவு சாத்தப்படும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, வளர்ந்த பிறகு ஆறுதலே வேண்டாம் என்று முந்திக்கொள்ளும். பெற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்த வளர்ப்பு அதுவாக இருந்திருக்கும். பிறவிச் சுபாவமும் இதில் சேரும், பெரியவரான பிறகு நம்பினவர் செய்த துரோகமும் சேரும். நீங்கள் ஒருவர்தான் இப்படி என்றும் நினைக்காதீர்கள். 1987இல் சிண்டி ஹேசன், ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு பேர் ஒரு செய்தித்தாளில் கேள்வித்தாள் வெளியிட்டுப் பதில்களைத் தொகுத்தார்கள். பதில் அனுப்பியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர், யாராவது ரொம்ப நெருங்கி வந்தால் சங்கடமாக இருக்கிறது என்ற விவரிப்பே தனக்குப் பொருந்துகிறது என்று சொல்லியிருந்தார். இந்தப் பழக்கம் மாறக்கூடியதுதான். நம்பகமான ஒரு துணையோடும், நல்ல ஆலோசகரோடும் மெல்ல மெல்ல மாறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இணையத்தில் படித்துவிட்டு நார்சிசிஸ்ட் (தன்னைத் தவிர யாரையும் நினைக்காதவர்), சைக்கோபாத் (இரக்கமே இல்லாதவர்) என்று உங்களுக்கு நீங்களே பட்டம் கொடுத்திருப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள், இன்னொருவரை நோகடிக்கிறேனே என்று பக்கம் பக்கமாக வருந்துகிறவருக்கு அந்தப் பெயர் எதுவும் ஒட்டாது. 'காதல் ஹார்மோன்' என்று ஆன்லைனில் வாங்கிய மூக்கு ஸ்ப்ரேயைக் குப்பையில் போடுங்கள். அந்தப் பெயரில் விற்கப்படும் ஆக்ஸிடோசின் நாங்கள் பிரசவத்தில் கர்ப்பப்பை சுருங்குவதற்குக் கொடுக்கும் மருந்து, காதலுக்கு அது சிகிச்சை கிடையாது, அது குறைந்ததால்தான் நீங்கள் விலகுகிறீர்கள் என்று காட்டும் ரத்தப் பரிசோதனையும் கிடையாது. முடி கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்தால் போதும். அவர் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மட்டும் வரும் படபடப்பு பதற்றம்தான், சும்மா இருக்கும்போதும் வந்தாலோ மயக்கம் வந்தாலோ மட்டும் ஒரு ஈசிஜி எடுத்துப் பாருங்கள்.

ஆனால் தோழி கொடுத்தார் என்று அல்பிரசோலம் என்ற பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரையை மூன்று வாரமாகத் தினமும் ராத்திரி போட்டுக்கொண்டிருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அது சில வாரங்களிலேயே உடம்பைப் பழக்கிவிடும் மாத்திரை. பயந்துபோய் இன்றைக்கே சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், அளவைக் கூட்டவும் வேண்டாம். எப்படிக் குறைப்பது என்று நேரில் பார்க்கும் டாக்டர் சொல்ல வேண்டும்.

இப்போது நான் இந்தப் பதிலை அவசரமாக எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். காதலிலிருந்து விலகுவது உங்களுடைய பழைய கதை. கடந்த இரண்டு மாதமாக நடப்பது வேறு கதை, நீங்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். தோழிகள் வேண்டாம், பாட்டு வேண்டாம், உயிராக இருந்த அக்கா குழந்தையைத் தூக்கினால்கூட ஒன்றும் தோன்றவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமில்லை என்கிறீர்கள். நெருக்கத்துக்குப் பயப்படுகிறவர் காதலரிடமிருந்துதான் ஓடுவார், குழந்தையிடமும் பாட்டிடமும் சந்தோஷமாகவே இருப்பார். எல்லாமே ஒருசேர மரத்துப்போவது மனச்சோர்வு நோயின் அடையாளம். பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும், உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில், கடைசிப் பக்கத்தில், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முழுக் கடிதத்திலும் என்னை நிறுத்தியது அந்த வரிதான். நேராகவே கேட்கிறேன், செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஆம் என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போக வேண்டாம், அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள், அந்த மாத்திரைகளையும் இப்போதே அவரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லை, வெறும் அலுப்பில் எழுதினேன் என்றால்கூட இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மனச்சோர்வு குணமாகிற நோய். மருந்து கொடுத்தால் வேலை செய்யச் சில வாரம் எடுக்கும், பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் காதலரை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒன்றும் செய்யாதீர்கள், சோர்வு தெளியும்வரை கட்டிக்கொள்வதா பிரிவதா என்ற முடிவையே எடுக்க வேண்டாம். (அடிக்கிற, மிரட்டுகிற, ஃபோனைப் பிடுங்கிப் பார்க்கிற ஆளிடமிருந்து விலக நினைப்பது நோயே இல்லை, அங்கே விலகத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.) ஒன்றே ஒன்று மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், சொல்லாமல் மறைய வேண்டாம். "எனக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது, இரண்டு நாள் தனியாக இருக்கணும், ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். ஐந்து நிமிஷம் பேசினாலும் போதும்.

டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டையையும், எனக்கு எழுதிய கடிதத்தின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். எதிரில் உட்கார்ந்ததும் "தூக்கம்தான் வரவில்லை, வேறு ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவீர்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. வாய் வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.