மசாய் மாரா பேக்கேஜ்: ‘பார்க் கட்டணம் தனி’ என்றால் எவ்வளவு?

கேள்வி: நானும் கணவரும் 12 வயது மகனும் வரும் ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்கு சரணாலயத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். நைரோபியிலிருந்து வேனில் கூட்டிப்போய் 2 இரவு தங்கவைக்க இரண்டு டிராவல்ஸில் விலை கேட்டோம். ஒருவர் விலை மிகக் குறைவு, ஆனால் கீழே ‘பார்க் கட்டணம் தனி’ என்று போட்டிருக்கிறார். அதையே எடுக்கலாமா? – வாசகி, கோவை

பதில்: அந்தக் கடைசி வரியைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள், எது மலிவு என்று. மாராவில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்குப் பார்க் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை அதுவே 200 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர். ஆக, ஆகஸ்டில் உங்கள் மூவருக்கும் ஒரு நாளுக்கு 450 டாலர். வண்டி, சாப்பாடு, அறை எல்லாம் இதற்கு மேல்தான்.

எத்தனை நாள் பார்க் டிக்கெட் என்பது தங்கும் இடத்தைப் பொறுத்தது. டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரை, 12 மணி நேரம்தான் செல்லும். மலிவான பேக்கேஜ்களில் பெரும்பாலும் சரணாலயத்தின் செகெனானி, தலேக் கேட்டுகளுக்கு வெளியே உள்ள கேம்ப்களில் தங்கவைப்பார்கள். நைரோபியிலிருந்து அங்கே போய்ச் சேர 5, 6 மணி நேரம் ஆகிவிடும். சேர்ந்த அன்று மாலை விலங்கு பார்க்க ஒரு சவாரி, மறுநாள் முழுக்க, மூன்றாம் நாள் காலை இன்னொன்று என்று நிரலில் இருந்தால் மூன்று நாள் டிக்கெட், 1,350 டாலர். சரணாலயத்துக்கு உள்ளேயே தங்கி, கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் வெளியேறிவிட்டால் இரண்டு நாள் டிக்கெட் போதும், 900 டாலர். உள்ளே அறை வாடகை கூடுதல்தான். ஆனாலும் டிக்கெட்டில் மிச்சமாகும் இந்த 450 டாலரைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறையும்.

வெளியேதான் தங்கப் போகிறீர்கள் என்றால், முதல் நாள் மாலைச் சவாரியை விட்டுவிடுங்கள் என்பேன். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முழு நாள் கட்டணம் கொடுப்பானேன்?

இருவரிடமும் எழுத்தில் கேளுங்கள்: கேம்ப் பெயர் என்ன, கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா, எத்தனை நாள் டிக்கெட் சேர்த்தி, வண்டி உங்களுக்கு மட்டுமா அல்லது பிறரோடு பகிர்வா. ‘மாரா அருகில்’ என்று மட்டும் எழுதித் தந்தால் அது வெளியே என்றே வைத்துக்கொள்ளலாம். நைரோபியில் வண்டி ஏற்பாடு செய்யும் நிறுவனத்தின் பெயரையும் வாங்குங்கள். கென்ய டூர் ஆபரேட்டர்கள் சங்கமான காட்டோவில் அது உறுப்பினரா என்று பார்க்கலாம்.

கேள்வி: வில்டிபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மந்தை ஆற்றைக் கடப்பதை ‘கேரண்டியாக’ காட்டுவதாக ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்து நாடான தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மந்தைகள் பொதுவாக ஜூலை வாக்கில் மாராவுக்கு வந்து அக்டோபர் வரை இருக்கும். எந்த நாள், எந்தத் துறையில் இறங்கும் என்பது மழையையும் புல்லையும் பொறுத்தது. கரைவரை வந்து மணிக்கணக்கில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு. கேரண்டி என்பவரிடம், காட்டாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், பேச்சு மாறிவிடும்.

கேள்வி: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? இந்தியாவிலிருந்து போகிறவர்களிடம் கென்யாவில் கேட்பதில்லை என்கிறார்களே?

பதில்: திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். சான்றிதழ் இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுள் முழுவதும் போதும். அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டுமே போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். விமான டிக்கெட் எடுத்த கையோடு இதை முடித்துவிடுங்கள்.

கேள்வி: சொன்ன கேம்ப் தராமல் வேறெங்கோ தங்கவைத்துவிட்டால் வழக்கு போட கென்யாவுக்கா போவது?

பதில்: பணம் வாங்கியவர் இங்குள்ள ஏஜென்ட் என்றால் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கு பில்லும் நிரலும் கையில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த விலைப்பட்டியலையும் அழிக்காதீர்கள்.